மாரியோவும் சோனிக்கும் சேர்ந்து ஓடும் ஒலிம்பிக் கேம்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் மே மாத லீவுக்கு மதுரைக்கு வருவதாக இருந்தது. பெரியவனுக்கு மாரியோ என்றால் உயிர், சின்னவளுக்கு சோனிக். இரண்டு பேரும் ஒரே கேமில் ஒலிம்பிக் ஓடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்க, "சித்தி, அதை வாங்கி வைங்க" என்று போனிலேயே கட்டளை வந்துவிட்டது. எனக்கு அப்போது வீடியோ கேம் பற்றித் தெரிந்ததெல்லாம் போனில் ஆடும் கேண்டி உடைப்பதுதான்.

சரியான கேம் சரியான கன்சோலில் (கேம் ஓடும் கருவி) ஓடுவதற்குள் 11,500 ரூபாயை வீணடித்தேன், ஒரு அடாப்டரைப் பொசுக்கினேன், லீவில் பாதி நாள் போய்விட்டது. செய்த தப்பு ஒன்றுதான்: கேமை முதலில் வாங்கினேன். அது கடைசியாக வாங்க வேண்டியது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் உங்களுக்கு அந்தச் செலவு இல்லை.

1. எந்தக் கேம் என்று முடிவு செய்யுங்கள்

"மாரியோ அண்ட் சோனிக் அட் தி ஒலிம்பிக் கேம்ஸ்" என்பது ஒரு கேம் இல்லை, ஒரு வரிசை. 2007-இல் பெய்ஜிங், 2009-இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக், 2011-இல் லண்டன், 2013-இல் சோச்சி, 2016-இல் ரியோ, 2019-இல் டோக்கியோ 2020 என்று ஆறு. பெய்ஜிங்கும் வான்கூவரும் நிண்டெண்டோ கம்பெனியின் பழைய கன்சோல்களான வீ, டிஎஸ் இரண்டிலும், லண்டன் வீ, 3டிஎஸ் இரண்டிலும் வந்தன. சோச்சி வீ யூ-வில் மட்டும். ரியோ 3டிஎஸ், வீ யூ. டோக்கியோ 2020 வீட்டு கன்சோல் என்று பார்த்தால் நிண்டெண்டோ சுவிட்சில் மட்டும்தான்.

புதிதாக வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டோக்கியோ 2020-ஐ எடுங்கள். காரணம் அடுத்த இரண்டு படிகளில் வருகிறது.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன.

"பாரிஸ் 2024 எடிஷன் இருக்கு" என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு மாரியோ-சோனிக் கேம் வரவே இல்லை.

பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் இந்த வரிசை கிடையாது. சோனிக்கின் கம்பெனியான சேகா வெளியிட்ட டோக்கியோ 2020-இன் அதிகாரபூர்வ கேம் என்று இன்னொன்று உண்டு. அது மனித வீரர்கள் ஆடுவது. சோனிக்கின் உடுப்பை மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். மாரியோ அதில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அட்டையில் "டோக்கியோ 2020" என்று இருப்பதால் கடைக்காரர்களே குழம்புகிறார்கள். அட்டையில் சிவப்புத் தொப்பி மாரியோ இருக்கிறாரா என்று பாருங்கள்.

போனில் ஆடும் ஒன்றும் வந்தது. அதில் சோனிக் கூட்டாளிகள் மட்டும். "மாரியோ சோனிக் ஒலிம்பிக் ஏபிகே" (ஆண்ட்ராய்டு போனில் நேரடியாக நிறுவும் ஃபைல்) என்று எவராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள். மாரியோ இருக்கும் போன் பதிப்பு கிடையாது.

2. ரீஜியன் பூட்டு

என் பணம் முதலில் போனது இங்கேதான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழைய வீ கன்சோல் மலிவாகக் கிடைத்தது. அதற்கு முன்பே, வேறொருவரிடம் லண்டன் டிஸ்க் வாங்கி வைத்திருந்தேன். அது ஐரோப்பிய டிஸ்க். அமெரிக்கக் கன்சோல் அதைப் படிக்கவே இல்லை. டிஸ்க் கீறியிருக்கும் என்று நினைத்து மைக்ரோஃபைபர் துணியால் அரை மணி நேரம் துடைத்தேன், பாருங்கள்.

வீ, வீ யூ, 3டிஎஸ் மூன்றிலும் ரீஜியன் பூட்டு உண்டு. ஜப்பான் கன்சோலுக்கு ஜப்பான் கேம், அமெரிக்கக் கன்சோலுக்கு அமெரிக்க கேம், ஐரோப்பியதற்கு ஐரோப்பியது. டிஎஸ் கேட்ரிட்ஜ்களுக்கு (கேம் இருக்கும் சின்ன அட்டை) பூட்டு இல்லை. அவை 3டிஎஸ்ஸிலும் ஓடும். சீனாவுக்கென்று வந்த பதிப்பைத் தவிர, சுவிட்சில் பூட்டே கிடையாது. துபாயில் வாங்கிய சுவிட்சில் லண்டனில் வாங்கிய கேட்ரிட்ஜ் ஓடும்.

பழையவற்றில் இன்னொரு முட்டுச்சந்து: வீ யூ, 3டிஎஸ் இரண்டின் ஆன்லைன் கடையும் 2023 மார்ச் 27-ஆம் தேதி மூடப்பட்டது. 2024 ஏப்ரலில் ஆன்லைன் ஆட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். அதாவது ரியோ கேமை இப்போது வாங்க வேண்டுமென்றால் பழைய டிஸ்க்கோ கேட்ரிட்ஜோ தேடித்தான் வாங்க முடியும். சோச்சிக்கு வீ ரிமோட் பிளஸ் வகை கண்ட்ரோலர்தான் வேண்டும். சாதா ரிமோட்டை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே பழைய கன்சோல் சும்மா கிடக்கிறது என்றால் ஒழிய, இந்தப் பக்கம் போகாதீர்கள்.

3. கரண்டுக்கு முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

டிஸ்க் பிரச்சினை தெரிவதற்கு முந்தைய நாள் நடந்தது இது. வீயின் அமெரிக்க அடாப்டருக்கு 40 ரூபாய்க்கு ஒரு பின் கன்வெர்ட்டர் வாங்கிச் சொருகினேன். "டப்" என்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. அம்மா அடுப்பை அணைக்க ஓடினார்.

அமெரிக்க வீ, வீ யூ அடாப்டர்கள் 120 வோல்ட்டுக்கு, ஜப்பானியவை 100 வோல்ட்டுக்கு. நம் ஊரில் 230. பின் கன்வெர்ட்டர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை இல்லை. அடாப்டரின் பின்னால் பொடி எழுத்தில் "இன்புட்" என்ற வரி இருக்கும். அங்கே 100-240 என்று இருந்தால் பின் கன்வெர்ட்டர் போதும். 120 என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அல்லது 230 வோல்ட் அடாப்டர் தேடி வாங்க வேண்டும். சுவிட்சின் அடாப்டர் 100-240. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

4. எந்த சுவிட்ச்

மூன்று வகை உண்டு. சாதா சுவிட்ச், 2021-இல் வந்த ஓஎல்இடி, 2019-இல் வந்த லைட். அமெரிக்காவில் வெளியானபோது விலை முறையே 300, 350, 200 டாலரை ஒட்டி இருந்தது. நம் சந்தையில் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு என்பதால் ஒரே வாரத்தில் இரண்டு கடையில் ஐந்தாயிரம் ரூபாய் வித்தியாசம் பார்த்தேன். நான்கு இடத்தில் கேட்காமல் வாங்க வேண்டாம்.

லைட்தான் மலிவு, அதனால் கை அங்கேதான் போகும். இந்தக் கேமுக்கு அது வேண்டாம். லைட்டை டிவியோடு இணைக்க முடியாது, அதன் கண்ட்ரோலர் கழற்ற வராது. ஈட்டி எறிவதும் வில் விடுவதும் கையை வீசி ஆடினால்தான் ருசி; லைட்டில் அதற்கு ஜாய்-கான்களை (சாதா சுவிட்சின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் குட்டிக் கண்ட்ரோலர்கள்) தனியாக வாங்க வேண்டும். வாங்கினாலும் நான்கு பேர் உள்ளங்கை அகல ஸ்கிரீனைச் சுற்றி முட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 ஏற்கெனவே வீட்டில் இருந்தால், பழைய சுவிட்ச் கேட்ரிட்ஜ்கள் அதில் போகும். நிண்டெண்டோவின் தளத்தில் எந்தக் கேம் எப்படி ஓடும் என்ற பட்டியல் இருக்கிறது, பெயரைத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜாய்-கானை வயர்லெஸ்ஸில் இணைக்கலாம், ஆனால் சுவிட்ச் 2-இன் உடம்பில் மாட்டி சார்ஜ் போட முடியாது. இந்த ஒரு கேமுக்காகப் புதிதாக சுவிட்ச் 2 வாங்குவது கொசுவுக்கு பீரங்கி.

நான் வாங்கியது செகண்ட்-ஹேண்ட் சாதா சுவிட்ச். இந்த முறை சூடுகண்ட பூனை. விற்பவர் முன்னாலேயே இவற்றைச் செய்தேன், நீங்களும் வெட்கப்படாமல் செய்யுங்கள்:

டாக் (சுவிட்சை டிவியோடு இணைக்கும் தாங்கி), எச்டிஎம்ஐ கேபிள், ஒரிஜினல் அடாப்டர் மூன்றும் இருக்கின்றனவா? போன் சார்ஜரால் டாக்கில் படம் வராது. அதற்கு 15 வோல்ட் தரும் அடாப்டர் வேண்டும். டாக் இல்லாமல் விலையைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு, பிறகு டாக்கைத் தனியாகத் தேடி அலைவீர்கள்.

செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பகுதிக்குள் போய் ஸ்டிக்கைச் சரிபார்க்கும் பக்கத்தைத் திறவுங்கள். கையை எடுத்த பிறகும் புள்ளி தானாக நகர்ந்தால் அது டிரிஃப்ட். விலையைக் குறைக்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து நிண்டெண்டோவின் ஆன்லைன் கடையான இ-ஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கைவைத்து மாற்றிய கன்சோல்களை நிண்டெண்டோ ஆன்லைனிலிருந்து தடை செய்துவிடும். அப்படிப்பட்டது இ-ஷாப்புக்குள் போகாது. எனக்கு முதலில் காட்டப்பட்ட கன்சோல் இதில்தான் மாட்டியது. "வைஃபை ஸ்லோ மேடம்" என்றார் அந்த ஆள். என் ஹாட்ஸ்பாட்டில் யூடியூப் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக, பழையவரின் கணக்கை நீக்கி, கன்சோலை முழுதாக ரீசெட் செய்து கையில் வாங்குங்கள்.

5. கண்ட்ரோலர் கணக்கு

ஒரு கன்சோலில் 4 பேர் வரை ஆடலாம். சுவிட்சோடு வரும் ஜாய்-கான் இரண்டு. ஆளுக்கு ஒன்றைப் படுக்கவைத்துப் பிடித்தால் 2 பேருக்குப் போதும். நான்கு பேர் என்றால் இன்னொரு ஜோடி. அமெரிக்காவில் ஜோடியின் விலை நெடுநாள் 80 டாலராக இருந்தது. கன்சோல் விலையில் கால் பங்குக்கு மேல்! ஆகவே முதல் வாரம் இரண்டோடு ஓட்டுங்கள். குத்துச்சண்டை, வாள்வீச்சு, கராத்தே போன்றவை எப்படியும் இருவர் மோதல்தான், மற்றவர்கள் காத்திருந்து ஆடலாம். காத்திருக்கும் பிள்ளைகள் ஜெயித்தவரைக் கலாய்ப்பதில்தான் பாதி சந்தோஷம்.

அசல் மாதிரியே இருக்கும் மலிவு கண்ட்ரோலர் வாங்கினால், உள்ளே கை அசைவை உணரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பட்டன் ஆட்டம் மட்டும்தான்.

6. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் என்னென்ன காகிதம்

தம்பி முறை, மச்சான் முறை என்று யாராவது ஊருக்கு வரும்போது வாங்கிவரச் சொல்வோம். பில் அவர் பையிலேயே இருக்கட்டும், போனில் ஒரு போட்டோவும் இருக்கட்டும். பயணிகள் கொண்டுவரும் பொருளுக்கு 2016-ஆம் ஆண்டு விதியில் வரியில்லா வரம்பு 50,000 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். நேபாளம், பூடான், மியான்மரிலிருந்து வருபவர்களுக்கு வேறு கணக்கு. அவர் விமானம் ஏறும் முன் சுங்கத் துறையின் தளத்தில் அன்றைய வரம்பைப் பாருங்கள். அவர் கொண்டுவரும் மற்ற பொருள்களும் இதே வரம்பில்தான் சேரும். உங்கள் கன்சோலால் அவர் தன் வாட்சுக்கு வரி கட்ட நேர்ந்தால் அடுத்த தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

கூரியரில் "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். வரி உண்டு, பார்சல் சுங்கத்தில் நிற்கும் நாள்களும் உண்டு. பிறந்தநாளுக்கு என்றால் கூரியரை நம்ப வேண்டாம்.

7. இப்போதுதான் கேம்

கேட்ரிட்ஜா டவுன்லோடா? என் ஓட்டு கேட்ரிட்ஜுக்கு. வெளியானபோது இதன் விலை 60 டாலர். நான் கைமாறிய கேட்ரிட்ஜ் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கினேன், அலுத்துப்போனால் விற்கவும் செய்யலாம். டவுன்லோடு வாங்கினால் அது உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

பெட்டியின் பின்பக்கம் மொழிப் பட்டியல் இருக்கும். ஆங்கிலம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீஜியன் பூட்டு இல்லை என்பதற்கு எல்லாக் கேட்ரிட்ஜிலும் எல்லா மொழியும் இருக்கும் என்று அர்த்தமில்லை. தமிழ் எதிலும் இல்லை.

முந்தையவர் பாதி ஆடியிருப்பாரோ என்று கவலை வேண்டாம். ஆடிய கணக்கு கன்சோலில்தான் சேமிப்பாகும், கேட்ரிட்ஜில் இல்லை. இன்னொன்று: சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று இந்தக் கேட்ரிட்ஜ்களில் கடும் கசப்பு பூசியிருக்கிறார்கள். நக்கிப் பார்த்தேன். வேப்பிலை தேவலாம்.

8. கணக்கும் பணமும்

கேட்ரிட்ஜ் வைத்து வீட்டுக்குள் ஆட ஒரு பைசா கூட நிண்டெண்டோவுக்குக் கட்ட வேண்டியதில்லை. கணக்கு கூடக் கட்டாயம் இல்லை. இது தெரியாமல் முதல் நாளே ஆண்டுச் சந்தா வாங்குபவர்கள் நிறைய. ஆன்லைனில் வெளியாரோடு மோதத்தான் சுவிட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும். அமெரிக்கக் கணக்கில் மாதம் 4 டாலர், ஆண்டுக்கு 20 டாலர் என்று இருந்தது.

டவுன்லோடு வேண்டும் என்பவர்களுக்கு: நான் வாங்கியபோது இந்தியாவுக்கென்று இ-ஷாப் இல்லை, கணக்கில் வேறு நாட்டைத்தான் வைக்க வேண்டியிருந்தது. எந்த நாட்டை வைக்கிறீர்களோ அந்த நாட்டு கிஃப்ட் கார்டுதான் செல்லும். அமெரிக்கக் கணக்கில் ஐரோப்பிய கார்டின் எண்ணைப் போட்டால் ஏற்காது. பணம் மீதம் கிடந்தால் நாட்டை மாற்றவும் விடாது, ஆகவே எண்ணிப் போடுங்கள். கிஃப்ட் கார்டு விற்கும் தளத்தில் உங்கள் வங்கிக் கார்டு மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை நம் கார்டுகளில் பொதுவாக மூடியே வரும். வங்கி ஆப்பில் போய்த் திறந்து, வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கினால் பிறந்த தேதியை உண்மையாகப் போடுங்கள். பெற்றோர் கணக்கின் கீழ் பிள்ளைக் கணக்காகச் சேர்ப்பதுதான் வழி. பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் இலவசம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று போனிலிருந்தே வைக்கலாம். நான் ஒரு மணி நேரம் வைத்தேன். என்னை ஜெயிக்க முடியாத அன்று சின்னவள்தான் "சித்தி, நேரம் முடிஞ்சிருச்சு" என்று முதலில் எழுந்தாள்.

9. முந்தைய இரவே செய்ய வேண்டியவை

பிள்ளைகள் முன்னால் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஜாய்-கான் காலியாக இருந்தால் முழுதாக ஏற மூன்றரை மணி நேரம் பிடிக்கும் (ஏறினால் 20 மணி நேரம் தாங்கும்). கன்சோல் தன் அப்டேட்டைக் கேட்கும், கேமும் கேட்கும். வீட்டு நெட்டைப் பொறுத்து அரை மணியோ ஒரு மணியோ ஆகும். இரவே போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

டீபாயை நகர்த்துங்கள். ஜாய்-கானோடு வரும் கைப்பட்டையை மாட்டாமல் யாரையும் ஈட்டி எறிய விடாதீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்க் காலண்டரில் மே மாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது.

10. எதில் தொடங்குவது

34 போட்டிகள் உண்டு. 21 டோக்கியோ 2020 போட்டிகள், 10 பழைய 1964 டோக்கியோ பாணி, 3 கனவுப் போட்டிகள் (நிஜ விதிகள் இல்லாத கற்பனை ஆட்டங்கள்). எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தால் யாருக்கும் எதுவும் பிடிபடாது.

100 மீட்டர் ஓட்டத்தில் தொடங்குங்கள். விளக்கமே தேவையில்லை, பாட்டி கூட ஓடிவிடுவார். (எங்கள் அம்மா ஓடினார். சேலையைச் செருகிக்கொண்டு.) அடுத்து வில்வித்தை, டேபிள் டென்னிஸ். ரக்பியையும் கால்பந்தையும் முதல் வாரம் தொடாதீர்கள்; பட்டன்கள் அதிகம், சண்டையும் அதிகம். பல போட்டிகளுக்கு முன் கையசைவா பட்டனா என்று தேர்ந்தெடுக்கும் இடம் வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டனே மேல். கையசைவில் தோற்றால் "மெஷின் சரியில்லை" என்று அழுவார்கள், பட்டனில் தோற்றால் அந்தச் சாக்கு இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. சோனிக் வேகம், பவுசரும் நக்கிள்ஸும் பலம், டெய்ல்ஸும் பீச்சும் நுணுக்கம், மாரியோ எல்லாவற்றிலும் நடுத்தரம். தடுமாறுகிறவருக்கு மாரியோவைக் கொடுங்கள்.

1964 போட்டிகளில் மாரியோ பழைய 8-பிட் புள்ளிப் படமாக வருவார், சோனிக் 16-பிட் படமாக. அவை பட்டன் ஆட்டம்தான், கையசைவு இல்லை. சின்ன வயதில் டிவியில் கேட்ரிட்ஜ் சொருகி ஆடிய பெரியவர்களுக்கு அது பிடித்துப்போகும். எங்கள் அத்தான் ஜூடோவை விட்டு எழவே இல்லை. கனவுப் போட்டிகளில் வரும் கராத்தே வேறு, நாலு பேர் ஆடலாம்; அதை விட்டுவிடாதீர்கள். எதிராளியை அடித்து, தரையிலுள்ள கட்டங்களை உங்கள் நிறமாக மாற்ற வேண்டும். நாலு பேர் கூடிய இரவுகளில் எங்கள் வீட்டில் அதிகம் ஓடியது அதுதான்.

கதைப் பகுதி ஒருவர் மட்டும் ஆடுவது. வில்லன்கள் பவுசரும் எக்மேனும் விரித்த வலையில் ஆள்கள் 1964 டோக்கியோ கேமுக்குள் சிக்கிக்கொள்ள, வெளியே லூயிஜியும் டெய்ல்ஸும் வழி தேடுவார்கள். வசனமெல்லாம் எழுத்தில்தான் வரும், அதுவும் நிறைய. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் விட்டுவிட வேண்டாம், சில கூடுதல் ஆள்களும் குட்டி ஆட்டங்களும் அதற்குள் போனால்தான் திறக்கும். நான் மதிய நேரத்தில் வசனம் படித்துச் சொன்னேன், எக்மேன் குரலில். லீவு முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு மீதிக் கதையை நானே தனியாக ஆடி முடித்தேன்.